ஊர் பார்த்தலும் படிப்பும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், அதன் தென்பகுதியான ஹார்பர்க்கில் தங்கி, நீர் மற்றும் கடலோரப் பொறியியல் படித்துவருகிறேன்.

திங்கள் முதல் வியாழன் வரை விரிவுரைகளும் பயிற்சி வகுப்புகளும் இருக்கின்றன. அட்டவணையில் பத்து மணி என்றிருந்தால் பேராசிரியர் பத்தே காலுக்குத்தான் தொடங்குகிறார். முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதற்குப் பதிலாக விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை நூலகத்தில் கழிகிறது. சனி, ஞாயிறுகளில் ஊர் பார்க்கிறேன். சென்ற வாரம் எல்ப்ஃபில்ஹார்மனி இசையரங்கம், பழைய செங்கல் கிடங்குகள், ஞாயிறு விடியலில் மீன் சந்தை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் படங்கள் அனுப்பினேன். "படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" என்று அம்மா கேட்டார். கல்விக் கடனில்தான் வந்திருக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்யும் அப்பா அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அம்மாவின் கேள்வியைவிட என்னை உறுத்துவது, பார்த்தவற்றில் எதுவுமே மனதில் தங்கவில்லை என்பது. ஊர் பார்ப்பது வீண் செலவுதானா?

உங்கள் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அம்மாவின் கேள்வியில் தவறேதும் இல்லை. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பிய வீட்டில், அங்கிருந்து வரும் ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது பெருமையும் கவலையும் சேர்ந்தேதான் வரும். ராயபுரத்தில் என் தெருவிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஆனாலும் நீங்கள் ஊர் பார்ப்பதை நிறுத்தக் கூடாது என்றே சொல்வேன். பார்த்தது மனதில் தங்காததற்குக் காரணம், வாரம் முழுவதும் வகுப்பில் உங்களுக்குள் எழும் கேள்விகளைச் சனிக்கிழமை காலையில் அறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவதுதான் என்று நினைக்கிறேன்.

ஹார்பர்க்கிலிருந்து நகர மையத்துக்கு ரயிலில் போகும்போதெல்லாம் நீங்கள் வில்ஹெல்ம்ஸ்பர்க்கைக் கடக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. எல்பே ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே இருக்கும் தீவு அது. தொழிலாளர்களும் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் மிகுந்த பகுதி. 1962 பிப்ரவரி 16ஆம் தேதி இரவு, வடகடலில் எழுந்த புயல் கடல்நீரை ஆற்றுக்குள் ஏற்றியபோது, ஹாம்பர்க்கைக் காத்துநின்ற மண்கரைகள் பல இடங்களில் உடைந்தன. அந்நகரில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். அவர்களில் 200க்கும் மேற்பட்டோர் வில்ஹெல்ம்ஸ்பர்க்கைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் வீடிழந்து, தோட்ட நிலங்களில் தற்காலிகக் குடில் போட்டு வாழ்ந்த ஏழைகள் பலரை வெள்ளம் உறக்கத்திலேயே சூழ்ந்தது.

இதில் உங்கள் படிப்புக்கே உரிய செய்தி ஒன்று இருக்கிறது. அந்தக் கரைகளில் பல, ஆற்றை எதிர்த்து நின்ற பக்கத்தில் உடையவில்லை. உச்சியைத் தாண்டி வழிந்த நீர், செங்குத்தாக இருந்த ஊர்ப்பக்கச் சரிவில் வேகமெடுத்து ஓடி, மண்ணை அரித்துப் பின்புறமிருந்து கரையைச் சாய்த்துவிட்டது. அதன் பிறகுதான் கரைகளை உயர்த்தியதோடு உட்சரிவையும் சாய்வு குறைத்து அமைத்தார்கள். 1976 ஜனவரியில் நீர்மட்டம் 1962ஐவிட ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயர்ந்தபோதும் நகரம் முன்போல் மூழ்கவில்லை. நடுவில் மணல், அதன்மேல் களிமண் போர்வை, அதற்கும் மேல் புல் என்று வகுப்பில் இந்தக் கரையின் குறுக்குவெட்டை உங்களுக்கு வரைந்து காட்டியிருப்பார்கள். வடஜெர்மனியில் பல கரைகளில் அந்தப் புல்லைச் செம்மறியாடுகள் மேய்கின்றன. புல்லைக் கட்டையாக வைத்திருப்பதோடு, குளம்பால் மிதித்து மேல்மண்ணை இறுக்கியும் தருகின்றன. ஒரு சனிக்கிழமை வில்ஹெல்ம்ஸ்பர்க் கரைமேல் ஏறி, ஊர்ப்பக்கமாக மெதுவாக இறங்கிப் பாருங்கள். கணக்கில் ஓர் எண்ணாக இருந்த சாய்வைக் கால் உணரும்.

நான் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு நம் கடற்கரைதான் காரணம். சென்னைக் கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரை அரிக்கப்பட்டது. நம் குப்பங்கள் இழந்த வீடுகளுக்கும், இன்று கடலோரச் சாலை நெடுகக் கொட்டிக் கிடக்கும் பாறைகளுக்கும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு எனும் கல்தடுப்புகளுக்கும் இதுவே மூலகாரணம். கடலரிப்பை விதி என்று சொல்லிப் பழகிவிட்ட மக்களிடையே பிறந்து, அதன் காரணத்தைக் கணக்காகப் படிக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கான கண்ணை அங்கேதான் பழக்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் படமெடுத்த செங்கல் கிடங்குகளையும் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த ஷ்பைஷர்ஷ்டாட், கட்டட அழகில் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் 1888இல் ஹாம்பர்க் ஜெர்மானியச் சுங்க எல்லைக்குள் இணைந்தபோது, வரியில்லாத் துறைமுகத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக, அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 20,000 பேரை வெளியேற்றிவிட்டுத்தான் அந்தக் கிடங்குகளைக் கட்டினார்கள். கால்வாய்க் கரைகளிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் நம் மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதை அறிந்த ஒருவர், அந்தச் சிவப்புச் சுவர்களின் முன் நிற்கும்போது கேட்கவேண்டிய கேள்வி உண்டு. இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அழகைப் பார்த்து நிற்பவர் காதில் அது விழுவதில்லை.

அப்பாவுக்கு ஒரு படம் அனுப்புவதானால் இசையரங்கத்தின் படத்தைவிட, எல்பே ஆற்றின் அடியில் 1911இல் திறக்கப்பட்ட பழைய சுரங்கப்பாதையின் படத்தை அனுப்புங்கள். இக்கரையிலிருந்து அக்கரைக் கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகவே அதை அமைத்தார்கள். நடந்து போகிறவர்களுக்கு இன்றும் கட்டணமில்லை. ஓடு பதித்த சுவரில் மீன்கள் முதலான ஆற்று உயிரினங்களைச் சுடுமண் சிற்பங்களாகப் பதித்திருக்கிறார்கள். அழுத்தமேற்றிய காற்றுக்குள் நின்று அதைத் தோண்டியதில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நோயுற்றார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். துறைமுகத்தில் உழைப்பவருக்கு அது விளங்கும்.

வில்ஹெல்ம்ஸ்பர்க்கை அடுத்து வரும் ஃபெடல் (Veddel) ரயில் நிறுத்தத்தில், அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தவர்களின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ரங்கூனுக்குப் போய், எல்லாம் இழந்து திரும்பிவந்து வியாசர்பாடியில் குடியேறியவர்களை அறிந்த நமக்கு அதில் அந்நியமாக ஒன்றுமிருக்காது. நேரம் கிடைக்கும்போது போகலாம்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆற்றில் ஓடும் பொதுப் போக்குவரத்துப் படகுகள் நகரப் போக்குவரத்துச் சீட்டிலேயே அடங்கும். கரைமேல் நடக்கச் செலவே இல்லை. ஒரே வாரத்தில் பல இடங்களைப் பார்த்து முடிப்பதை விட்டுவிட்டு, மாதத்துக்கு ஓரிடத்தைத் தேர்ந்து அங்கேயே திரும்பத் திரும்பச் செல்லுங்கள். அந்த வாரத்து விரிவுரைக் குறிப்பேடு கையில் இருக்கட்டும். வில்ஹெல்ம்ஸ்பர்க் கரையில் இறங்கிப் பார்த்த பிறகு, நம் கரையில் வழிமறிக்கப்பட்ட மணலை வடக்கே கொண்டுசேர்க்க என்ன வழிகள் உண்டு என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள். காசிமேட்டில் அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ராயபுரம்