பணிக்கரின் எழுத்தை யார் படிப்பது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற மாதம் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைப் பார்த்தோம். ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஒன்றின் முன் மலையாளம் தெரிந்த நண்பர் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை” என்றார். படிக்க முடியாததை எழுதிவைப்பது ஒருவகை ஏமாற்று இல்லையா?

க., நாகர்கோவில்

அன்புள்ள க.,

எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. அந்த ஓவியங்களின் முன்னால் அது ஒரு சலுகை என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அக்காவின் ஜாதக நோட்டு இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். உள்ளே பன்னிரண்டு கட்டங்கள். ‘சூ’, ‘செ’, ‘சனி’ என்று நொறுங்கிய எழுத்துகள். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் அதை வெளியே எடுக்கும்போதே அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். அந்தக் கட்டங்களைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

பணிக்கர் பிடித்தது அந்த இடத்தைத்தான். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோது, 1963 வாக்கில் இந்த வரிசையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் வந்தவை கணக்குக் குறிகளும் எண்களும் ரோமன் எழுத்தும். மலையாளம் பிறகுதான் வந்தது. சேதி சொல்வதுதான் நோக்கமென்றால் தாய்மொழியில் அல்லவா தொடங்கியிருப்பார்?

இன்னொருமுறை போனால் கிட்டே நின்று பாருங்கள். பழைய ஓலைச்சுவடியின் மங்கிய மஞ்சள் போன்ற தளம். அதன்மேல் எறும்புச் சாரிபோலப் பொடி எழுத்து. அது நெருங்கும் இடத்தில் எழுத்தாகவே இருப்பதில்லை, சாம்பல் நிறமாகிவிடுகிறது. நடுவில் ஜாதகக் கட்டம், ஒரு மீன், ஒரு பறவை, துண்டாகச் சிவப்போ நீலமோ. நாலடி தள்ளி வந்தால் எழுத்து போய் நிறம் மட்டும் நிற்கும்.

ஏமாற்று என்ற சொல்லை நான் வேறிடத்துக்கு வைத்திருக்கிறேன். ஹோட்டல் வரவேற்பறைகளில் தங்கப் பெயின்ட் அடித்து, ஓம், சூலம், தாமரை என்று ஒட்டி மாட்டியிருப்பார்களே, அதற்கு. அங்கே எல்லாம் படிக்கும்படிதான் இருக்கும்.

1966-இல் பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. பாத்திக் துணி விற்ற காசில் ஓவியர்கள் நிலம் வாங்கிய இடம். அங்கும் ஒருநடை போய்வாருங்கள். முடிந்தால் நண்பரை வாசலிலேயே விட்டுவிட்டு.