'முதல் தரம்' என்று போடலாமா? (வாங்குவோர் விற்போர் கேள்வி-பதில்)

கேள்வி: அண்ணா, நான் தலவாக்கலை. தெரிந்த ஃபெக்டரி ஒன்றில் பில்லோடு தூள் எடுத்து, சின்னப் பக்கெட்டுகளாக அடைத்து பேஸ்புக்கில் விற்கிறேன். 'நுவரெலியா முதல் தரத் தேயிலை' என்று போட்டிருக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். மட்டக்களப்பில் வாங்கிய ஒரு அக்கா 'சாயமே இறங்கவில்லை, ஏமாற்றிவிட்டாய்' என்று காசைத் திருப்பிக் கேட்கிறார். கலப்படம் எதுவும் செய்யவில்லை, சத்தியமாக. காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கொடுத்துவிடுங்கள் தங்கச்சி. கலப்படம் செய்யவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் அந்த அக்காவும் கலப்படம் என்று சொல்லவில்லையே. 'முதல் தரம்' என்று படித்ததும் அவர் எதிர்பார்த்தது நல்ல கடுப்பான தேத்தண்ணி, பால் ஊற்றினாலும் நிறம் நிற்கிற மாதிரி. கடைத்தெருவில் குடித்துப் பழகியது பெரும்பாலும் நுணுக்கமான டஸ்ட் தூள், கொதிநீர் பட்டதும் கறுத்துவிடும். நீங்கள் அனுப்பியது 4,000 அடிக்கு மேலே விளைகிற உயர்நிலத் தேயிலை, அதன் சிறப்பே மணம்தான், சாயம் வெளிர். மலையில் இருக்கிற நமக்கு இது தெரியும், அவருக்கு யார் சொன்னது?

அப்புறம் அந்த 'முதல் தரம்'. தேயிலையில் அப்படி ஒரு தரமே கிடையாது. பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் 1 என்பதெல்லாம் சல்லடையில் பிரிந்து வருகிற தூளின் அளவைச் சொல்கிற பெயர்கள். ருசி நல்லதா கெட்டதா என்று அவை சொல்வதில்லை. ஆகவே உங்கள் பக்கெட்டில் இருக்கிற அந்த இரண்டு சொல்லுக்கு அர்த்தம் என்று ஒன்றும் இல்லை, வாங்குகிறவர் தனக்குப் பிடித்த அர்த்தத்தை அதில் போட்டுக்கொள்வார்.

'நுவரெலியா' விஷயம் இன்னும் சிக்கல். தலவாக்கலை நுவரெலியா மாவட்டம்தான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் தேயிலைக்காரர்களின் கணக்கில் தலவாக்கலை, ஹட்டன், பொகவந்தலாவ எல்லாம் திம்புல வலயம். நுவரெலியாத் தேயிலை என்றால் அந்த டவுனைச் சுற்றி 6,000 அடிக்கும் மேலே விளைகிறது, அதன் ருசி வேறு. மாவட்டத்தைத்தான் சொன்னேன் என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் தேயிலை தெரிந்த ஒருவர் அந்தப் பெயரை நம்பி வாங்கிவிட்டு வந்து கேட்டால் அந்த வாதம் நிற்காது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பச்சைப் பொய்யை மட்டும் பிடிப்பதில்லை. வாங்குகிறவரைத் தவறாக எண்ண வைக்கக்கூடிய நடத்தை எதுவானாலும் வியாபாரி அதைச் செய்யக்கூடாது என்கிறது. திம்புலவுக்கு என்ன குறைச்சல் என்றும் எனக்கு விளங்கவில்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையமே உங்கள் ஊரில்தான் இருக்கிறது, நீங்களோ பக்கத்து ஊர்ப் பெயரைக் கடன் வாங்குகிறீர்கள்!

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன்: 'தலவாக்கலை, திம்புல வலயம். பிஓபி. சாயம் வெளிர், மணம் தூக்கல். பிளேன்டீக்கு நல்லது, பால் தேத்தண்ணிக்குக் கடுப்பு போதாது. மூடிவைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிடவும்.' நிறை, விலை, பொதி செய்த திகதி, காலாவதித் திகதி எல்லாம் கட்டாயம் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை குளிரும் வெயிலுமாக இருக்கிறபோது உங்கள் பக்கத்தில் வருகிற தூளின் மணம், ஜூன் ஜூலை மழையில் பறித்த கொழுந்தில் வராது என்பதும் உங்களுக்குத் தெரியும், அதனால் மார்ச்சில் வாங்கியவர் எழுதிய பாராட்டைக் காட்டி ஜூலைத் தூளை விற்காதீர்கள். சிலோன் தேயிலைப் பக்கெட்டுகளில் வருகிற சிங்கச் சின்னத்தை இணையத்தில் எடுத்து ஒட்டுகிற வேலையும் வேண்டாம், தேயிலைச் சபையின் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது.

பால் தேத்தண்ணிக்கு ஆகாது என்று நானே எழுதினால் யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். ஓடர் கொஞ்சம் குறையும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வருகிற ஒரு பக்கெட்டுக்கு இரண்டு பக்கக் கூரியர் காசும் போனால் அதற்கு முன் விற்ற எத்தனை பக்கெட்டின் லாபம் கரைகிறது என்று ஒருதரம் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: ஹட்டனில் ஒரு கடையில் போன் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வருட வொரன்டி என்று வாயால் சொன்னார்கள். இப்போது ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, கொண்டுபோனால் 'சொஃப்ட்வெயருக்கு மட்டும்தான் வொரன்டி' என்கிறார்கள்.

பதில்: இது பழைய விளையாட்டு. போனுக்கு ஒரு வருடம் என்றால் ஸ்பீக்கரும் சேர்த்துத்தான் என்று யாரும் நினைப்பார்கள், அது கடைக்காரருக்கும் தெரியும், தெரிந்துதான் மற்றதைச் சொல்லாமல் விட்டார். பில் இருக்கிறதா? கேட்டால் பில் தர வேண்டியது வியாபாரியின் கடமை. பில்லோடு முதலில் கடைக்கே போய், வொரன்டி தர மறுப்பதை எழுத்தில் கேளுங்கள், பாதிப்பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, தைப்பொங்கல் தீபாவளி என்று தள்ளிப்போடாதீர்கள். விவரம் கேட்க 1977க்கு போன் எடுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை.

அடுத்த போன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. காசு கொடுக்கு முன் *#06# அழுத்தி வருகிற 15 இலக்கத்தை, ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் டைப் செய்து இடைவெளி விட்டுப் போட்டு 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். வொரன்டி கம்பெனியுடையதா கடையுடையதா, எந்தெந்தப் பாகத்துக்கு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அட்டை ஆங்கிலத்தில் இருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூட்டிப்போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஹப்புத்தளையில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறேன். நவம்பரில் வந்தவர்கள் 'படத்தில் இருந்த காட்சி எங்கே, வெறும் மூடுபனி' என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். பனி விழுவது என் குற்றமா?

பதில்: பனி உங்கள் குற்றமில்லை. ஆனால் நீங்கள் போட்ட படம் ஓகஸ்டில் எடுத்ததுதானே? வருகிறவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து படத்தைப் பார்த்துத்தான் காசு கட்டுகிறார். நவம்பரில் உங்கள் பக்கம் மழைக்காலம், ஹப்புத்தளை மலைமுகட்டிலேயே இருப்பதால் பனி ஏறிவிட்டால் முற்றத்து வேலிகூடத் தெரியாது. அதையும் ஒரு படம் எடுத்து இரண்டாவதாகப் போடுங்கள், 'காலையில் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம், மழை மாதங்களில் காட்சிக்கு உத்தரவாதமில்லை' என்று கீழே எழுதுங்கள். பனியைப் பார்க்கவே வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் படம் போதும். சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சேர்த்துவிடுங்கள், அடுத்த சண்டை அங்கேதான் வரும். அந்த ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே வாக்குவாதம் வேண்டாம், 'மழைக்காலத்தைப் பற்றி நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், இப்போது பக்கத்தில் சேர்த்துவிட்டோம்' என்று பதில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.