பழைய இயங்குதளங்கள் மேல் ஏன் இன்னும் இத்தனை பாசம்?

ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் இருந்ததுதான் காரணம். 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ், சின்னச் சின்னக் கருவிகளைத் தந்து 'வேண்டியபடி நீயே கோத்துக்கொள்' என்றது. 1984இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி நேர்மாறு. அதன் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே கிடையாது. எல்லோரும் மவுஸுக்குப் பழகட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது டாஸ், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பழைய பிசி இயங்குதளம். ஒரு கேமுக்கு நினைவகம் போதாவிட்டால் கணினி தொடங்கும்போது எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறப்பேன். வேண்டாத டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) வரியை நீக்கி, டாஸ் நிரல்களுக்குக் கிடைத்த 640 கேபி நினைவகத்துக்குள் கொஞ்சம் இடம் தேற்றி, மறுபடி பூட் செய்வேன். சரி, தொல்லைதான். ஆனால் என் கணினியில் என்னென்ன ஓடுகிறது என்பது வரிவரியாகத் தெரியும். இன்று கேட்காமலே ஓர் அப்டேட் இறங்கும்போதெல்லாம் அந்தத் தெளிவுக்குத்தான் மனம் ஏங்குகிறது.