செலவுக் கணக்கில் படைப்பாற்றலுக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

மேலாண்மைக் கணக்கியல் கற்பிக்கிறேன். நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் ஊழியர்களின் படைப்பாற்றலை என்ன செய்கின்றன என்பது என் ஆராய்ச்சி. வரி, தணிக்கைக் கேள்விகளுக்கு வேறு ஆளைப் பாருங்கள். மற்றவை வந்த வரிசையில்.

கணக்கில் படைப்பாற்றல் என்றாலே தில்லுமுல்லு தானே? என்ரான் நினைவுக்கு வருகிறது.

2001இல் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரான், வெளியாருக்குக் காட்டும் அறிக்கைகளில் கடனை மறைத்தது. நான் பேசுவது நிறுவனத்துக்குள் மேலாளர் முடிவெடுக்கப் போடும் கணக்கு. அதில் பொய் எழுதினால் ஏமாறப்போவது எழுதியவரின் நிறுவனமே. எண்ணைத் திருத்துவது என் பாடத்தில் இல்லை. எந்த எண்ணைத் தேடுவது, எந்த வழிகளை ஒப்பிடுவது என்பதில்தான் படைப்பாற்றல் வேண்டும்.

சூத்திரம் போட்டு விடை காணும் பாடம் இது. இதில் படைப்பாற்றலை எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

பாடநூல் கணக்கின் கடைசி வரியை அழித்துவிடுவேன். 'இந்தப் பொருளை நிறுத்தலாமா?' என்று கேட்கும் வரி அது. தரவு மட்டும் மிஞ்சும்: விற்பனை 100, மாறும் செலவு (உற்பத்தியோடு கூடிக் குறைவது) 70, அந்தப் பொருளின் தலையில் கட்டிய ஓவர்ஹெட் (எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான செலவில் அதன் பங்கு) 45. ஆக நட்டம் 15. என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்பேன்.

பாதி வகுப்பு உடனே 'நிறுத்து' என்னும். யாராவது ஒருவர், 'நிறுத்தினால் அந்த 45 போய்விடுமா?' என்பார். வாடகையும் மேற்பார்வையாளர் சம்பளமுமாக இருந்தால் எங்கே போகும்? மற்றப் பொருள்களின் தலையில் ஏறும். விற்பனை 100இல் மாறும் செலவு 70 போகக் கைக்கு வந்துகொண்டிருந்த 30தான் போகும். பாடநூல் இங்கே முடிந்துவிடும், என் வகுப்பு இங்கேதான் சூடு பிடிக்கும். நிறுத்துவதும் வேண்டாம், அப்படியே தொடர்வதும் வேண்டாம், வேறு வழி கொண்டுவாருங்கள் என்பேன். சின்னச் சின்ன ஆர்டர்கள் இயந்திரத்தை மாற்றி அமைக்கும் நேரத்தைத் தின்கின்றன, சேர்த்து ஓட்டலாம் என்று ஒரு குழு வரும். அதே இயந்திர நேரத்தை வேறு பொருளுக்குக் கொடுத்தால் 30க்கு மேல் கிடைக்குமா என்று இன்னொரு குழு. கிடைக்குமென்றால் நிறுத்துவதே சரியாகிவிடும்! அந்த 45ஐ எந்த அடிப்படையில் பிரித்தீர்கள் என்று ஒரு குழு என்னையே மடக்கும். கணக்கியல் அறிஞர்கள் கூப்பரும் கப்லானும் 1988இல் செயல்பாடுவழிச் செலவியலை (எந்த வேலை செலவை உண்டாக்குகிறதோ அதன்படி செலவைப் பிரிக்கும் முறை) முன்வைத்தபோது எழுப்பிய கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான்.

ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு வழியோடும் அதற்கான எண் வரவேண்டும், எந்த அனுமானம் பொய்த்தால் அது கவிழும் என்பதும் வரவேண்டும். வெறும் யோசனைக்கு மதிப்பெண் கிடையாது.

எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: பங்கிட்டுப் போட்ட ஓவர்ஹெட்டை நம்பி எதையும் மூடாதீர்கள்.

எங்கள் பிரிவுகளில் ஒன்று தொடர்ந்து நட்டம் காட்டுகிறது. மூடிவிடலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். மூடினால் எந்தச் செலவு உண்மையிலேயே நிற்கும் என்று முதலில் பட்டியல் போடுங்கள்.

வரலாற்றில் உதாரணம் உண்டா?

எனக்குப் பிடித்தவர் இங்கிலாந்தின் மண்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட். 1772 கடன் நெருக்கடியில் விற்பனை படுத்தபோது தன் செலவுகளைத் தானே குடைந்து பார்த்தார். உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் சில செலவுகள் அசையாமல் ஓடுவதைக் கண்டார். அப்படியானால் ஒரே வகையை அதிக எண்ணிக்கையில் செய்தால் ஒன்றுக்கான செலவு இறங்கும், விலையைக் குறைத்துப் புதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்கலாம் என்று புரிந்தது. தலைமை எழுத்தர் கையாடல் செய்ததும் அந்தத் தேடலில்தான் அகப்பட்டது.

நான் மனிதவளத் துறை. படைப்பாற்றலுக்கு மதிப்பெண் வைத்து போனஸ் கொடுக்கலாம் என்று திட்டமிடுகிறோம். சரியா?

அவசரப்படாதீர்கள். கச்செல்மையர், ரைகெர்ட், வில்லியம்சன் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. படமும் எழுத்தும் கலந்த புதிர்களை உருவாக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு எண்ணிக்கைக்கு மட்டும் பணம். இன்னொரு குழுவுக்கு எண்ணிக்கை, படைப்பாற்றல் இரண்டையும் பெருக்கிப் பணம். படைப்பாற்றலையும் சேர்த்து எடைபோட்ட மொத்த மதிப்பில், எண்ணிக்கைக்கு மட்டும் பணம் பெற்றவர்களே முந்தினார்கள்.

(அதே நபர்) அது புதிர். எங்கள் ஊழியர்கள் செய்வது நிஜ வேலை. அளக்காவிட்டால் யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

ஆய்வுக்கூடம் வேறு, அலுவலகம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்று உண்டு. படைப்பாற்றலுக்கு யார் மதிப்பெண் போடுவார்? மேலாளர் என்றால், மேலாளருக்குப் பிடித்த யோசனைகள்தான் உங்களுக்கு வந்து சேரும்.

(தொழிற்சாலைக் கணக்காளர்) குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் குப்பை குவியும். ஆலோசனைப் பெட்டி வைத்துப் பார்த்தவன் நான்.

குவியும்தான். அதே குழுவினரில் சிலர் 2019இல் வெளியிட்ட தொடர் ஆய்வு உங்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. எண்ணிக்கைக்குப் பணம் பெற்றவர்கள், நிலையான தொகை பெற்றவர்களை முதல் சுற்றில் சிறந்த புதிர்களில் முந்தவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தபோது முந்திவிட்டார்கள். முதலில் நிறைய யோசித்தது உள்ளே ஊறியிருக்கிறது. ஆகவே பெட்டியைத் திறந்த அன்றே தீர்ப்பு எழுதாதீர்கள். யோசனை தந்தவர்களைச் சில நாள் விட்டு மறுபடி கேளுங்கள்.

(மனிதவளத் துறை நபர்) அப்போ எண்ணிக்கைக்கே போனஸ் கொடுத்துவிடலாம்!

அப்படி நான் சொல்லவில்லை. இடைவெளியையும் சேர்த்துச் சொன்னேன். காலாண்டு முடிவதற்குள் கணக்கை முடிக்கும் உங்கள் போனஸ் திட்டத்தில் அந்த இடைவெளிக்கு இடம் எங்கே? முதலில் அதைக் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.

பட்ஜெட்டும் கட்டுப்பாடும் படைப்பாற்றலைக் கொன்றுவிடாதா?

எந்தக் கட்டுப்பாடு என்பதைப் பொறுத்தது. ஜப்பானிய நிறுவனங்கள் வளர்த்தெடுத்த இலக்குச் செலவு முறையைப் பாருங்கள். சந்தை தரும் விலையில் வேண்டிய லாபத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அனுமதித்த செலவு. அதற்குள் பொருளை வடிவமைக்க வேண்டும். எல்லை இறுகியதால்தான் வடிவமைப்பாளர் புதிதாக யோசிக்கிறார். நிர்வாகக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த ராபர்ட் சைமன்ஸ் 1995இல் சொன்ன பிரிவினையும் உதவும்: ஒரே பட்ஜெட்டை விலகலைப் பிடிக்கும் கருவியாகவும் வைக்கலாம், மேலாளர்கள் உட்கார்ந்து வாதாடும் களமாகவும் வைக்கலாம். வேரியன்ஸ் (பட்ஜெட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்) வந்ததும் 'யார் காரணம்?' என்று ஆரம்பித்தால் அடுத்த மாதம் எல்லோரும் பட்ஜெட்டில் கொழுப்பு வைப்பார்கள், அதாவது தேவைக்கு மேல் கேட்டு வைப்பார்கள்.

பட்ஜெட்டே இல்லாமல் ஓட்ட முடியாதா?

சுவீடனின் ஹேண்டல்ஸ்பாங்கன் வங்கி 1970களிலேயே வழக்கமான பட்ஜெட்டைக் கைவிட்டது. கிளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நடத்தினார்கள். கட்டுப்பாடு எங்கும் போகவில்லை, வடிவம்தான் மாறியது.

செயற்கை நுண்ணறிவு வந்தால் எங்கள் வேலை?

அறிக்கை தயாரிப்பது மட்டுமே உங்கள் வேலை என்றால் கவலைப்படுங்கள்.

நல்ல எக்ஸெல் டெம்ப்ளேட் இருந்தால் அனுப்புங்கள்.

இல்லை.

நட்டத்தில் ஓடும் ஒரு பொருளை நிறுத்தலாமா என்று...

மூன்றாவது முறை! பங்கிட்டுப் போட்ட ஓவர்ஹெட்டைச் செலவிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் நட்டம் என்றால் எனக்கு எழுதுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு இதில் தலைப்பு கிடைக்குமா?

ஏராளம். ஒன்று சொல்கிறேன்: நிராகரிக்கப்பட்ட யோசனைகளை ஒரு நிறுவனம் எங்கே பதிவு செய்கிறது, யார் அதை மறுபடி புரட்டுகிறார்? ஆய்வுக்கூடத்தை விட்டுக் களத்துக்குப் போங்கள், ஒரே நிறுவனத்தில் நீண்ட நாள் உட்காருங்கள். கணக்குப் பிரிவின் கூட்டங்களில் நுழைய அனுமதி வாங்குவதுதான் கடினம். தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.