ரெண்டரில் 90 டிகிரி: ஃபேன் மட்டும் மாத்தினா போதுமா?

நண்பரே, ரைசன் 5 5600 பிராசஸர், கூடவே வந்த ஸ்டெல்த் கூலர், ரெண்டர்ல (வீடியோ, 3டி காட்சியைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு உருவாக்குறப்போ) 90 டிகிரி, வேகமான ஃபேன் போட்டா குறையுமான்னு கேட்டிருக்கீங்க. அந்தச் சிப்புக்கு 90தான் உச்ச வரம்பு. அதைத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

முதல்ல கேபினெட்டோட பக்கக் கதவைக் கழட்டிட்டு அதே ரெண்டரை ஓட்டிப் பாருங்க. சூடு நல்லா இறங்கினா குறை காற்றோட்டத்துல. முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க ஒரு 120 மிமீ ஃபேன் போதும்.

இறங்கலைன்னா டவர் கூலருக்கே (தகடுகளை அடுக்கின உயரமான கூலர்) போயிடுங்க. ஸ்டெல்த்ல ஹீட்பைப்பே (சூட்டைக் கடத்துற குழாய்) கிடையாது, சின்ன அலுமினியக் கட்டிதான். அதுமேல எந்த ஃபேன் வெச்சாலும் காசுக்குத் தக்க பலன் வராது. டவர் கூலரோட நெருக்கமான தகடுகளுக்குள்ள காற்றைத் தள்ள ஸ்டாட்டிக் பிரஷர் ஃபேன் (தடையை மீறி காற்றை அழுத்தித் தள்ளுற ரகம்) வேணும். ஆர்க்டிக் கம்பெனியோட பி12 ஃபேன் அந்த ரகம், அவங்களோட எஃப்12 அந்த ரகம் இல்லை.

பழைய கூலரை நேரா மேலே இழுக்காதீங்க! நடுவுல தடவின தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கிட்டு பிராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிட்டு வந்துடலாம். பேஸ்ட் இளகக் கொஞ்ச நேரம் சிஸ்டத்தை ஓடவிட்டு, அணைச்சு, ஸ்க்ரூ கழட்டி, மெல்லத் திருகி எடுங்க.