காலிபர் மாற்றிய பின் அமுங்கும் பிரேக் பெடல்

கேள்வி: என் காரின் முன்சக்கரங்கள் இரண்டிலும் காலிபரையும் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பேடுகளையும் நானே மாற்றினேன். பல முறை ஏர் எடுத்தும் (பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பெடல் பாதிக்கு மேல் அமுங்குகிறது. அடுத்தடுத்து மிதித்தால் கெட்டிப்படுகிறது. ஒழுகல் எங்கும் இல்லை. மாஸ்டர் சிலிண்டரை (மிதிக்கும் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் பாகம்) மாற்றிவிடலாமா?

பதில்: அதற்குள் அவசரப்பட வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருந்தால், பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போதே அது மெல்லக் கீழிறங்கும். மிதிக்க மிதிக்கக் கெட்டிப்படுவதோ, உள்ளே காற்று நிற்பதற்கோ, பின்சக்கரங்களில் டிரம் பிரேக் இருந்தால், டிரம்மின் உட்புறத்தில் அழுந்தும் அதன் ஷூக்கள் தளர்ந்திருப்பதற்கோ உரிய அடையாளம்.

முதலில் சக்கரத்தைக் கழற்றி, ஏர் எடுக்கும் நிப்பிள் (காற்றை வெளிவிடத் திறக்கும் சிறு திருகு) காலிபரின் மேற்பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இடது, வலது காலிபர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதோடு, இடம் மாற்றிப் பூட்டினாலும் போல்ட்டுகள் பிசகின்றிப் பொருந்திவிடும். நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலேறி நிற்பதால், எத்தனை டப்பா பிரேக் ஆயில் ஊற்றினாலும் கீழ்வழியே ஆயில்தான் வெளியேறுமே தவிர, காற்று அசையாது. அப்படியிருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி, புதிதாக ஏர் எடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

நிப்பிள் மேலேயே இருந்தால், ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். ஹேண்ட்பிரேக் பின்பக்க டிரம் ஷூக்களையே இயக்கும் வண்டியில் பெடல் இப்போது உயரத்திலேயே நின்றால், ஷூ இடைவெளியைச் சரிசெய்தால் போதும். வேலையின்போது ஆயில் தொட்டி வற்றிப்போயிருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருக்கவும் கூடும். சில வண்டிகளில் ஸ்கேனர் கருவியால் அதன் பம்பையும் வால்வுகளையும் இயக்கினால்தான் அது வெளியேறும்.

ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காமல், அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். பழைய சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகச் செல்லாத பகுதியில் துரு படிந்திருக்கும். அதில் உரசிச் சீல் கிழிந்தால், நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். தொட்டி மூடியில் குறித்துள்ள வகை ஆயிலை, சீல் உடைக்காத புதிய டப்பாவிலிருந்தே ஊற்றுங்கள். டாட் 4 என்னும் பிரேக் ஆயில் வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் அது 155 அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

இன்ஜினை இயக்கியதும் பெடல் சிறிது இறங்குவது மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரின் இயல்பு; எனவே மேற்சொன்ன சோதனைகளை இன்ஜின் அணைந்திருக்கும்போது செய்யுங்கள். பெடல் முதல் மிதியிலேயே கெட்டியாக நிற்கும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.