மணல் சலிக்கும் மீன்: வாங்குவதற்கு முன் அதன் வயிற்றைப் பாருங்கள்

கேள்வி: 250 லிட்டர் ரீஃப் தொட்டி (கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டி) வைத்து ஐந்து மாதம் ஆகிறது. மணல் மேல் பழுப்புப் படலம் படிந்துகொண்டே இருக்கிறது. மணலைச் சலிக்கும் கோபி மீன் வாங்கினால் சரியாகுமா? எதை வாங்கலாம்?

பதில்: புதுத் தொட்டியில் படியும் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயாட்டம் என்ற நுண்பாசிதான். தண்ணீரில் இருக்கும் சிலிக்கேட் தீரத் தீர அதுவும் குறைந்துவிடும். கோபி மீன் மணலைப் புரட்டிவிடுவதால் மேலே வெள்ளையாகத் தெரியும். ஆனால் படலத்துக்கான காரணம் தண்ணீரிலேயே இருக்கும். அதனால் படலத்துக்காக மட்டும் மீன் வாங்க வேண்டாம். அந்த மீனையே வளர்க்க ஆசை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

பலரும் வாங்குவது டயமண்ட் கோபி. வெளிர் உடலில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும், 15 சென்டிமீட்டர் வரை வளரும். அது வேலை செய்வதை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாய் நிறைய மணலை அள்ளும், தாடை அசையும், அப்புறம் இரு பக்கச் செவுள் வழியாகவும் மாவு சலிப்பதுபோல மணல் உதிரும். மணலுக்குள் இருக்கும் நுண்ணிய புழுக்களும் கோபெபாட் (copepod) போன்ற சிற்றுயிர்களும் மட்டும் வாய்க்குள் தங்கும். அது சுத்தம் செய்யவில்லை, சாப்பாடு தேடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் இந்த மீன்கள் இத்தனை சாகின்றன. ஐந்து மாதத் தொட்டியின் மணலில் இருப்பதைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிடும். பிறகு நாள் முழுக்கச் சலித்தாலும் எதுவும் கிடைக்காது. நாம் 'நன்றாக வேலை செய்கிறது' என்று மகிழ்ந்துகொண்டிருப்போம், அது மெலிந்துகொண்டிருக்கும்.

ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது வயிறு. தலைக்குப் பின்னால் வயிறு உள்வாங்கியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உறைய வைத்த மைசிஸ் இறாலைப் போடச் சொல்லி, கண்முன்னே அது தின்கிறதா என்று பாருங்கள். தின்னும் மீனை மட்டும் வாங்குங்கள். வீட்டில் தினமும் இரண்டு மூன்று முறை, நீளமான குழாயால் உணவை மணல் அருகிலேயே விடுங்கள். மேலே தூவினால் வேகமான மீன்கள் கொத்திக்கொண்டு போய்விடும்.

மஞ்சள் தலையும் கண்ணுக்குக் கீழே நீலக் கோடும் கொண்ட கோல்டன் ஹெட் கோபி இன்னும் அழகு. ஆனால் அது மணலை வாயில் வைத்தபடி மேலே நீந்திப்போய் அங்கிருந்து கொட்டும். பாறை மேல் இருக்கும் பவளமெல்லாம் மணலில் குளிக்கும். பவளம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் இது வேண்டாம். டயமண்ட் கோபியும் தரையில் வைத்த பவளங்களை மூடிவிடும். அவற்றைக் கொஞ்சம் உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

டயமண்ட் கோபியையும் வாட்ச்மேன் என்று சொல்வதுண்டு, அந்தப் பெயரைப் பார்த்து மஞ்சள் வாட்ச்மேன் கோபியை வாங்கிவிடாதீர்கள். பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் குடியிருக்கும் அருமையான மீன் அது, ஆனால் மணலைச் சலிப்பது அதன் வேலை இல்லை. எஞ்சினியர் கோபி என்று விற்கப்படும் கறுப்பு வெள்ளைக் குஞ்சு உண்மையில் கோபியே கிடையாது. ஒரு அடி நீளத்துக்கு விலாங்குபோல வளர்ந்து, பாறைக்கு அடியில் சுரங்கம் தோண்டும்.

உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது: இப்போதைக்கு நாலைந்து நசாரியஸ் நத்தைகளை விடுங்கள். மணலுக்குள் புதைந்து, சாப்பாட்டு வாசனை வந்ததும் மேலே வந்து மிச்சத்தைத் தின்னும். மணலும் லேசாகக் கிளறப்படும். தொட்டிக்கு ஒரு வருடம் ஆனதும் ஒரே ஒரு டயமண்ட் கோபி வாங்குங்கள். ஜோடி இல்லாத இரண்டை விட்டால் சண்டைதான்.

அதற்குள் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். பாறைகள் மணல் மேல் நின்றால், மீன் அடியில் தோண்டும்போது சரிந்து விழும். அவற்றைத் தொட்டியின் அடித்தளத்திலேயே நேரடியாக ஊன்றுங்கள். அப்புறம் மேலே வலை மூடி போடுங்கள், இந்த மீன்கள் துள்ளிக் குதிப்பவை. குழாயும் வயரும் வரும் மூலையில் விடும் சின்ன இடைவெளி போதும், காலையில் மீன் தரையில் கிடக்கும்.